யாரும் மிதிக்காத இடம்

அந்தக் கடைத்தெருவுக்குக் கூரை உண்டு. இரண்டு பக்கமும் கடைகள், நடுவே ஒரு தள்ளுவண்டி போகிற அளவுக்குப் பாதை, தலைக்கு மேலே முழு நீளத்துக்கும் தகரம். நல்ல வெயில் நாளிலேயே உள்ளே விளக்கைப் போட்டால்தான் எது நீலத் துணி, எது கறுப்புத் துணி என்று தெரியும். ராணுவத்துக்கும் ஊர்க்காரர்களுக்கும் நடுவே அங்கே நடந்ததற்குப் பிறகு மின்சாரத்தையும் வெட்டிவிட்டார்கள். பெரியவள் அன்று காலை சாப்பாட்டுப் பையோடு இரும்பு வாசலில் வந்து நின்றபோது வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. உள்ளே நாலு கடைக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. புளித்த மாவு வாடையும், எரிந்த ரப்பர் வாடையும், அதற்கடியில் இன்னதென்று சொல்ல முடியாத வேறொரு வாடையும் மெல்ல வந்து மூக்கில் ஏறின.

"வேலைக்கு வந்தவங்களா? வாங்க வாங்க. உள்ள பேய் பிசாசு ஒண்ணும் இல்ல, நான் மட்டுந்தான்" என்று சிரித்தபடி ஒருவர் வந்தார். கழுத்தில் விசில் தொங்கியது. எல்லோரும் அவரை விசில் என்றே கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

என்ன வேலை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தலையும் புரியாது, வாலும் புரியாது. நடந்ததை விசாரிக்க ஒரு நீதிபதியைப் போட்டிருந்தார்கள். அது கலவரமா, துப்பாக்கிச் சூடா என்பதிலேயே இரண்டு கட்சி. கல்தான் முதலில் வந்தது என்றார்கள் சிப்பாய்கள். குண்டுதான் முதலில் வந்தது என்றார்கள் ஊர்க்காரர்கள். அறைக்குள் உட்காரவைத்துக் கேட்டுக் கேட்டு நீதிபதிக்கு மண்டை காய்ந்துவிட்டது. கடைசியில் சாட்சிகளைத் தெருவுக்கே கூட்டிவந்து, யார் எங்கே நின்றார்கள் என்று காட்டச் சொல்வதாக முடிவு செய்தார். செத்தவர்கள் எழுந்து வந்து நிற்க முடியுமா? அவர்கள் இடத்தில் நிற்கக் கூலிக்கு ஆள் எடுத்தார்கள். பதிலாள் வேலை என்று பெயர்.

விசில் பெரியவளின் தோளைச் சுற்றி ஒரு மஞ்சள் துணியைக் கட்டினார்.

"நீங்க செத்துப்போன நர்ஸ். சாட்சி தள்ளி நிக்கச் சொன்னா நிக்கணும், திரும்பச் சொன்னா திரும்பணும், படுக்கச் சொன்னா படுக்கணும். நீங்களா ஒரு அடி எடுத்து வைக்கக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது. செத்தவங்க நகர மாட்டாங்க, பேச மாட்டாங்க. அவ்வளவுதான், சுலபமான வேலை."

"துணியை எப்ப அவுக்குறது?"

"ஐயையோ, அதுல மட்டும் கை வச்சிராதீங்கம்மா." அவர் சிரிப்பு சட்டென்று நின்றது. "சாயங்காலம் நான்தான் அவுப்பேன். அவுத்துட்டு, 'நீ நீதான், வீட்டுக்குப் போ'ன்னு சொல்லுவேன். கிறுக்குத்தனம்னு நீதிபதி ஐயா சிரிக்கிறார். சிரிச்சுட்டுப் போகட்டும். நாள் பூரா இன்னொருத்தர் சாவுல நிக்கிறீங்க. அதைக் கழட்டாம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாமா?"

பக்கத்தில் நின்ற மூட்டை தூக்குகிறவர் தலையாட்டினார். அவரும் பதிலாள்தான். செத்துப்போன வாத்தியாருக்குப் பதில் நின்றார், அதற்குப் பச்சைத் துணி. "நேத்து மட்டும் என்னை எட்டு இடத்துல சாகடிச்சாங்க. ஒரு டீ குடுத்தாங்களா பாருங்க" என்றார்.

பெரியவள் சிரிக்கவில்லை. சம்பவத்தில் சொந்தக்காரரை இழந்தவர்களுக்கு இந்த வேலை கிடையாது என்று விதி. எனக்கு யாருமில்லை என்று வாய் கூசாமல் பொய் சொல்லிவிட்டுத்தான் அவள் உள்ளே நுழைந்திருந்தாள்.

அவளுக்கு ஒரு தங்கை உண்டு. அம்மாவுக்கு இரண்டே பெண்கள், பெரியவள், சின்னவள் என்றே வீட்டில் கூப்பிட்டுப் பழக்கம். வீட்டிலேயே தையல். பெரியவள் துணி வெட்டுவாள், சின்னவள் தைப்பாள். வெட்டுவதற்கு முன்னால் கத்தரியைச் சும்மா காற்றில் இரண்டு முறை வெட்டிப் பார்ப்பது பெரியவளின் வழக்கம். சரக், சரக். "ஏன்க்கா, துணியை மிரட்டுறியா?" என்று சின்னவள் கேலி செய்வாள். சின்னவளுக்கு ஒரு வழக்கம். ஒரு தையல் முடிந்ததும் விரல்களை வரிசையாகச் சொடுக்குவாள். இடது மோதிர விரல் மட்டும் சொடுக்காது. சின்ன வயதில் மெஷின் ஊசி அதற்குள் இறங்கி, மூட்டு இறுகிப்போய்விட்டது.

சம்பவம் நடந்த அன்று காலை சின்னவள் நூல்கண்டு வாங்க இந்தக் கடைத்தெருவுக்கு வந்தாள். அவ்வளவுதான். வீட்டுக்குத் திரும்பவில்லை.

பெரியவள் ஏறாத படி இல்லை. ராணுவ அலுவலகத்தில், செத்தவர்களில் அப்படி ஒரு பெண் இல்லை என்றார்கள். ஊர்க்காரர்களின் சங்கத்தில், "யாருமே பார்க்காத பொண்ணை நாங்க சேத்தா, நாங்க சொல்ற மத்த சாவையும் பொய்னு சொல்லிருவாங்கம்மா" என்று கையை விரித்தார்கள். காவல் நிலையத்தில் ஒருவன் பல்லைக் குத்திக்கொண்டே, "எவன்கூடயாவது போயிருப்பா, பெத்துக்கிட்டு வருவா பாரு" என்றான். அவனை அங்கேயே நாலு அறை விட்டிருக்க வேண்டும். அம்மாவோ கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதையே விட்டுவிட்டாள். பெரியவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. யாராவது ஒருவர், எந்தக் கட்சிக்காரராவது, "ஆமா, அந்தப் பொண்ணும் அங்க இருந்தா, நான் பார்த்தேன்" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மஞ்சள் துணியைக் கட்டிக்கொண்டு செத்தவளாக நின்றாள்.

விசில் ஊதியது. விசாரணை தொடங்கியது.

முதலில் வந்தவன் ஒரு இளவயதுச் சிப்பாய். பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னான். கல் வந்தது, பாட்டில் வந்தது, நர்ஸ் தன் பையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு எங்களைப் பார்த்து ஓடி வந்தார், பைக்குள் என்ன இருக்கிறதோ என்று பயந்தோம். பெரியவளைத் தெருவின் நடுவே வாசலைப் பார்த்து நிறுத்தினார்கள்.

அடுத்து ரொட்டிக்கடைக்காரர். அந்தத் தெருவிலேயே பெரிய கடை அவருடையது. உருட்டி இறக்குகிற இரும்பு ஷட்டர், அதில் குண்டு துளைத்த ஓட்டைகள். "யாரும் கல்லைத் தொடலைங்க. நர்ஸம்மா முதுகைக் காட்டிக்கிட்டு ஓடுனாங்க. முதுகுலதான் சுட்டாங்க. ஓடி வந்த எல்லாருக்கும் என் கடையில இடம் குடுத்தேன். ஒருத்தரைக்கூட வெளிய நிக்க விடல" என்றார். பெரியவளை எதிர்ப்பக்கம் திருப்பி, சுவரோரமாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

இப்படியே போனது. ஒருவர் சொன்னால் பெரியவள் தெற்கே, இன்னொருவர் சொன்னால் வடக்கே. பையைத் தூக்கினாள், பையே இல்லாமல் நின்றாள், மண்டியிட்டாள், மல்லாந்து படுத்தாள். ஒரே நர்ஸ் இத்தனை விதமாகச் செத்திருக்க முடியுமா என்று அவளுக்கே வயிற்றெரிச்சலாக இருந்தது. தன் தங்கையைப் பற்றி ஒரு வார்த்தை வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். வரவில்லை.

மதியத்துக்கு மேல்தான் ஒன்றைக் கவனித்தாள்.

ரொட்டிக்கடை ஷட்டருக்கு முன்னால், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், தரையில் ஒரு இடம். அங்கே ஒன்றும் இல்லை. மற்ற தரை போலத்தான் அதுவும் இருந்தது. ஆனால் அந்தப் பக்கமாக நடந்தவர்கள் எல்லோரும் அந்த இடத்துக்கு வந்ததும் லேசாக ஒதுங்கி, சுற்றிக்கொண்டு போனார்கள். சிப்பாய் ஒதுங்கினான். ரொட்டிக்கடைக்காரர் ஒதுங்கினார். நீதிபதி கையிலிருந்த காகிதத்தைப் படித்துக்கொண்டே வந்தார், தரையைப் பார்க்கவே இல்லை, அவரும் ஒதுங்கினார். கல் முதலா, குண்டு முதலா என்பதில் ஒத்துப்போகாத அத்தனை பேரும் இதில் மட்டும் ஒத்துப்போனார்கள்.

இடைவேளையில் மூட்டைக்காரரிடம் மெல்லக் கேட்டாள். "அண்ணே, அங்க ஏன் சுத்திக்கிட்டு வந்தீங்க?"

"எங்க சுத்துனேன்? நேராத்தானேம்மா வந்தேன்." அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "வெயில்ல வந்தது தலைக்கு ஏறிருச்சா? தண்ணி குடி."

மறுபடி விசில் ஊதியது. அவளை ஷட்டருக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். அந்த இடம் இப்போது அவளுக்கு நேர் பின்னால் இருந்தது. நீதிபதி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். மேலே தகரம் சூட்டில் சடசடவென்று சத்தம் போட்டது. மெஷின் எண்ணெய் வாடை வந்தது. ரொட்டிக்கடைக்கு முன்னால் மெஷின் எண்ணெய் வாடை எப்படி வரும்?

அப்போது கேட்டது.

சொடக்.

முதுகுக்குப் பின்னால். மிக அருகில்.

சொடக். சொடக். ஒன்றன்பின் ஒன்றாக, நிதானமாக, ஒரு தையல் முடிந்த அலுப்போடு.

திரும்பக் கூடாது. செத்தவர்கள் திரும்ப மாட்டார்கள். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு கேட்டாள். வலது கை முடிந்தது. இடது கை ஆரம்பித்தது. கட்டைவிரல். ஆள்காட்டி. நடு.

பிறகு ஒரு இடைவெளி.

பிறகு சுண்டு.

அவள் தொண்டையிலிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது. நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். விசில் அவசரமாகக் கையைக் காட்டி, அசையாதே என்று சைகை செய்தார். சிப்பாயை இன்னொரு முறை நடக்கச் சொன்னார்கள். அவன் நடந்து வந்தான், அவளுக்கு எதிரே வந்ததும் நின்றான். அவன் பார்வை அவள் முகத்தில் இல்லை, அவள் தோளுக்குப் பின்னால் இருந்தது. உதடு வெளுத்துப்போயிருந்தது.

"உங்க பின்னாடி நிக்கிறவங்களை..." என்று கிசுகிசுத்தான். "கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க. என்னையே பாக்குறாங்க."

"என்ன சொல்றீங்க? சத்தமா சொல்லுங்க" என்றார் நீதிபதி.

"ஒண்ணுமில்லைங்க ஐயா" என்றான் சிப்பாய்.

அன்று சாயங்காலம் விசில் துணியை அவிழ்த்து, "நீ நீதான், வீட்டுக்குப் போ" என்றார். அவள் போனாள். அம்மா திறந்த கதவருகே உட்கார்ந்திருந்தாள். "ஏதாவது தெரிஞ்சுதாடி?" என்று கேட்டாள். தெரிந்தது என்று சொன்னால் அம்மா பிழைக்க மாட்டாள், தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. பெரியவள் கை கழுவப் போகிற சாக்கில் பின்கட்டுக்குப் போய், வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் நீதிபதி வந்ததும் வராததுமாக, இன்றோடு தெரு விசாரணை முடிகிறது என்றார். யாருக்காவது புதிதாகச் சொல்ல இருந்தால் சாயங்காலத்துக்குள் சொல்லிவிட வேண்டும். அதற்குப் பிறகு கதவைச் சாத்தினால் சாத்தியதுதான்.

ரொட்டிக்கடைக்காரரை மறுபடி நிறுத்தினார்கள். அவர் தன் ஷட்டரை நோக்கி நடந்தவர், பாதி வழியில் நின்றுவிட்டார்.

"அந்த ரெண்டாவது பொண்ணு நேத்து இல்லையேங்க. அவங்களுக்கு மட்டும் ஏன் துணி கட்டல?"

"எந்தப் பொண்ணு?" என்றார் நீதிபதி.

கடைக்காரர் ஒரு அடி பின்வாங்கினார். நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது. நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "இங்க பதிலாள் நிக்காத யாரைப் பத்தியும் நான் பதிவு பண்ண முடியாது. இல்லாத ஆளைக் காட்டி விசாரணையைக் குழப்பாதீங்க."

மதிய இடைவேளையில் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த ரொட்டிக்கடைக்காரரைப் பெரியவள் மடக்கினாள். பதிலாள் சாட்சியோடு பேசக் கூடாது. பேசினாள்.

"அண்ணே, நீங்க பாத்தது என் தங்கச்சி. உங்க கால்ல விழுறேன். அவ இங்க இருந்தான்னு மட்டும் சொல்லுங்க. வேற எதுவும் வேண்டாம்."

அவர் குழாயை மூட மறந்து நின்றார். தண்ணீர் ஓடியது.

"ஷட்டரைத் தட்டுனா" என்றார் கடைசியில். குரல் கீழே போயிருந்தது. "ரெண்டு கையாலயும் தட்டுனா. 'அண்ணே திறங்க, அண்ணே திறங்க'ன்னா. நான் திறக்கத்தான் போனேன். உள்ள இருந்தவங்க என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. திறந்தா எல்லாரும் செத்தோம்னாங்க. ஒருத்தரைக்கூட வெளிய நிக்க விடலைன்னு ஊரே என்னைத் தூக்கி வச்சுக் கொண்டாடுது. இப்ப போய் நான் எப்படிம்மா... அந்தப் பாவிங்கதான் சுட்டாங்க. அவங்களைக் கேளு."

அவள் சிப்பாயிடம் ஓடினாள். அவன் ஒரு மூலையில் தலைக்குக் கைகொடுத்து உட்கார்ந்திருந்தான்.

"நாங்க அவங்களைச் சுடல" என்றான், கேட்பதற்கு முன்னாலேயே. "சத்தியமா சொல்றேன். நாங்க வந்தப்பவே கூட்டத்துல மிதிபட்டுக் கிடந்தாங்க. மூச்சு இருந்துச்சு. லாரியில ஏத்துனோம். அப்புறம் லாரி எங்க போச்சுன்னு எனக்குத் தெரியாது. யாரையும் ஏத்தலைன்னுதான் எழுதிக் குடுத்திருக்கோம். மாத்திச் சொன்னா என்னைத் தொலைச்சுருவாங்க. ஷட்டரைத் திறந்திருந்தா அவங்க பிழைச்சிருப்பாங்க. உள்ள இருந்தவங்களைக் கேளுங்க."

தட்டினாள் என்கிறார் ஒருவர். கிடந்தாள் என்கிறான் இன்னொருவன். சுட்டார்கள் என்றும் மிதித்தார்கள் என்றும் இருவரும் ஆளுக்கொரு பக்கம் தள்ளிவிடுகிறார்கள். இருந்தாள் என்பதை மட்டும் இருவரும் மென்று விழுங்கிவிட்டார்கள். அட பாவிகளா, என் வீட்டுப் பிள்ளையை இப்படி ரெண்டு பேரும் சேர்ந்து மறைத்தீர்களா என்று பெரியவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. அதற்குள் விசில் ஊதிவிட்டது.

சாயங்காலம் நெருங்கியது. வாசல் பக்கம் இருந்த வெளிச்சமும் பின்வாங்கிக்கொண்டே போனது. நீதிபதி எழுந்தார். "வேற யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கா?"

ரொட்டிக்கடைக்காரர் தரையைப் பார்த்தார். சிப்பாய் கூரையைப் பார்த்தான்.

"சரி. அப்ப முடிச்சுக்கலாம்."

பெரியவள் தோளுக்குக் கையைக் கொண்டுபோனாள். மஞ்சள் துணியின் முடிச்சை அவிழ்த்தாள்.

"அம்மா! வேண்டாம்மா!" என்று விசில் அலறினார்.

துணி கீழே விழுந்தது. அவள் நடந்தாள். தானாக ஒரு அடி, இன்னொரு அடி. ரொட்டிக்கடை ஷட்டருக்கு முன்னால், யாரும் மிதிக்காத அந்த இடத்தில் போய்க் காலை வைத்தாள்.

குளிர்ந்தது. உள்ளங்காலிலிருந்து முழங்கால்வரை ஏறியது. பின்னாலிருந்து இரண்டு கைகள் மெல்ல வந்து, தூக்கம் கலையாத பிள்ளை கட்டிக்கொள்வதுபோல, அவள் இடுப்பைச் சுற்றிக்கொண்டன. மெஷின் எண்ணெய் வாடை மூச்சை அடைத்தது. அவளுக்குப் பயமாக இல்லை. அழுகைதான் வந்தது.

"இப்ப நான் என் தங்கச்சியா நிக்கிறேன்" என்றாள் உரக்க. "இதோ பதிலாள் நிக்குது. இப்ப சொல்லுங்க. இங்க ஒரு பொண்ணு இருந்தாளா, இல்லையா?"

தகரம் ஒருமுறை சடசடத்தது. பிறகு அதுவும் அடங்கியது.

ஷட்டர் தடதடவென்று அதிர்ந்தது. பக்கத்தில் யாருமில்லை. வெளியிலிருந்து இரண்டு கைகளால் தட்டுவதுபோல அதிர்ந்தது.

"இருந்தா!" என்று கத்தினார் ரொட்டிக்கடைக்காரர். காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "இருந்தாங்க ஐயா! தட்டுனா! நான் திறக்கல!"

"இருந்தாங்க" என்றான் சிப்பாய். "லாரியில ஏத்துனோம். இருந்தாங்க."

நீதிபதி பேனாவை எடுத்து எழுதினார். பெயர் கேட்டார். பெரியவள் தங்கையின் பெயரைச் சொன்னாள், வயதைச் சொன்னாள், நூல்கண்டு வாங்க வந்தாள் என்பதையும் சேர்த்து எழுதச் சொன்னாள். எழுதினார். இத்தனை நாளாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல் உருண்டு போனதுபோலிருந்தது. இடுப்பைச் சுற்றியிருந்த கைகளும் மெல்ல விலகின.

விசில் சத்தம் கடைசியாகக் கேட்டது. வழக்கம்போல விசில் ஒவ்வொரு பதிலாளிடமும் போய்த் துணியை அவிழ்த்தார். மூட்டைக்காரரிடம், "நீ நீதான், வீட்டுக்குப் போ" என்றார். மற்றவர்களிடமும் சொன்னார். பெரியவள் நின்ற பக்கம் வந்தார். கீழே கிடந்த மஞ்சள் துணியை எடுத்து மடித்தார்.

பிறகு அவளைப் பார்க்காமலே, லேசாக ஒதுங்கி, அவளைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கோபமாக இருப்பார், விதியை மீறினோமே என்று நினைத்தாள். அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்ற ஒரே நினைப்பில் வீட்டுக்கு ஓடினாள். பெண் செத்தாள் என்பது நல்ல சேதியா? இல்லைதான். ஆனால் எவனோடோ போகவில்லை, நூல் வாங்கப் போன இடத்தில் செத்தாள் என்று இனி யாரும் மறுக்க முடியாது.

கதவு திறந்தே இருந்தது. அம்மா நிமிர்ந்து பார்த்தாள். கையிலிருந்த டம்ளர் நழுவித் தரையில் உருண்டது.

"சின்னவளே!"

அம்மா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். முகத்தைத் தடவினாள், முதுகில் அடித்தாள், மறுபடி கட்டிக்கொண்டாள். "எங்கடி போயிருந்த இத்தனை நாளா? என் வயித்துல நெருப்பைக் கட்டிட்டுப் போனியேடி!"

"அம்மா, நான் பெரியவம்மா."

"விளையாடாதடி. உன்னைத் தேடித்தானே உங்கக்கா தெருத்தெருவா அலையிறா. காலையில போனவ. நீ வந்தது தெரிஞ்சா துள்ளிக் குதிப்பா." அம்மா அவள் தோளுக்கு மேலாக வாசலை எட்டிப் பார்த்தாள். "எங்க அவ? உன்கூட வரலையா?"

சத்தம் கேட்டு மாடிவீட்டுக்காரி இறங்கி வந்தாள். வாசற்படியிலேயே வாயைப் பொத்திக்கொண்டாள். "அடிப்பாவி சின்னவளே, உயிரோட இருக்கியா?"

அவள் தையல் அறைக்கு ஓடினாள். சுவரில் ஆளுயரக் கண்ணாடி. முகம் எப்போதும்போலத்தான் இருந்தது. ஆனால் எப்போதும் எந்த முகம் இருந்தது என்பது அவளுக்கு நினைவுக்கு வரவில்லை. கையை விரித்துப் பார்த்தாள். ஒவ்வொரு விரலாகச் சொடுக்கினாள். வலது கை முடிந்தது. இடது கட்டைவிரல். ஆள்காட்டி. நடு.

மோதிர விரல் சொடுக்கவில்லை.

அதன் மூட்டில் ஊசி இறங்கிய பழைய தழும்பு இருந்தது.

திரும்பக் கடைத்தெருவுக்கு ஓடினாள். விசில் இரும்பு வாசலைப் பூட்டிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் கை அப்படியே நின்றது.

"நான்தாங்க! நர்ஸா நின்னவ! எனக்கு நீங்க சொல்லவே இல்ல. சொல்லுங்க, நீ நீதான்னு சொல்லுங்க!"

அவர் அவள் முகத்தை வெகுநேரம் பார்த்தார். "அதே சாடை. தங்கச்சியாம்மா நீ?" என்றார், கனிவாக. "உங்கக்கா இன்னும் வெளிய வரலம்மா. தானே அவுத்துக்கிட்டா. நான் கட்டுனதைத்தான் என்னால அவுக்க முடியும். கட்டாமலே நின்னவளை நான் எப்படி விடுறது?"

"சும்மாவாவது சொல்லுங்களேன்!"

"யாருக்கும்மா சொல்றது? உனக்கா, உள்ள நிக்கிறவளுக்கா?"

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கதறினாள். உள்ளே இருட்டில் எதுவும் அசையவில்லை.

இனி அவளைச் சின்னவள் என்றுதான் சொல்ல வேண்டும். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். இப்போது அவள் அக்காவைக் காணவில்லை என்று ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருக்கிறாள். அன்று தெருவில் துணி கட்டாமல் ஒரு பெண் நின்றதை யாரும் பார்க்கவில்லை என்கிறார்கள். ரொட்டிக்கடைக்காரருக்கு நினைவில்லை. சிப்பாய்க்கு நினைவில்லை. "செத்துட்டதா உன் பேரையே எழுதி வச்சிருக்கு. நீ வந்து அக்காவைக் காணோம்னா என்னம்மா அர்த்தம்?" என்று ஒரு அலுவலகத்தில் சிரித்தார்கள். காவல் நிலையத்தில் அதே ஆள், அதே பல் குத்தும் குச்சி. "எவன்கூடயாவது போயிருப்பா" என்றான். அம்மா இன்னும் தாழ்ப்பாள் போடுவதில்லை.

கடைத்தெருவைத் திறந்துவிட்டார்கள். மின்சாரம் வந்துவிட்டது, ஷட்டரில் ஓட்டைகளை அடைத்து வர்ணம் பூசிவிட்டார்கள். நல்ல கூட்டம். ரொட்டிக்கடைக்கு முன்னால் வந்ததும் கூட்டம் இரண்டாகப் பிரிந்து, ஒதுங்கி, மறுபடி சேர்ந்து போகிறது. அவள் தினமும் அங்கே வந்து, அந்த இடத்தை மிதிக்காமல், எதிரே நிற்கிறாள். விரல்களை ஒவ்வொன்றாகச் சொடுக்குகிறாள். மோதிர விரலுக்கு வந்ததும் நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறாள்.

எதிரே, யாருமில்லாத காற்றில், கத்தரி இரண்டு முறை வெட்டுகிறது. சரக், சரக்.